சிவந்த முகத்துக்கு எண்ணெய்: கேலன் முதல் ஹோஹோபா வரை

ரோசேசியா என்பது முகத்தின் நடுப்பகுதியைப் பற்றும் நீடித்த அழற்சி நோய். கன்னம், மூக்கு, மோவாய், நெற்றி ஆகிய இடங்களில் தோலுக்கு அடியிலுள்ள இரத்த நுண்குழாய்கள் தொடக்கத்தில் அவ்வப்போது விரிவதால் முகம் குப்பென்று சிவந்து பின் தணிகிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல அச்சிவப்பு தணியாமல் நிலைத்துவிடுகிறது. சிலருக்கு அதன்மேல் பருக்களும் சீழ்க்கொப்புளங்களும் எழுகின்றன. சிலருக்கு நுண்குழாய்கள் மெல்லிய செங்கோடுகளாக வெளித்தெரிகின்றன. வேறு சிலருக்கு, பெரும்பாலும் ஆண்களுக்கு, மூக்கின் தோல் தடித்துப் புடைக்கிறது. கண்கள் எரிந்து சிவப்பதும் உண்டு. பெரும்பாலும் 30 வயதுக்குப் பின் தலைகாட்டும் இந்நோய் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதில்லை, உயிரைப் பறிப்பதுமில்லை. ஆனால் மறைக்க இயலாத இடத்தில் இருப்பதால், நோயாளியின் மனத்தை அது வருத்தும் அளவு வேறு பல பெரிய நோய்களும் வருத்துவதில்லை.

இந்நோய் கண்ட தோலுக்கு ஒரு முரண் உண்டு. அது வறண்டு இழுப்பதால் எண்ணெயையோ களிம்பையோ நாடுகிறது. அதே வேளையில் மற்றவர்களின் தோல் எளிதாகத் தாங்கும் பொருள்களைக்கூடத் தாங்காமல் எரிகிறது. ஆகவே சிவந்த முகத்துக்கு எந்த எண்ணெயைத் தடவுவது என்ற கேள்வி, நோயை மருத்துவ நூல்கள் தனியே பெயரிட்டு அறிவதற்கு முன்பே எழுந்துவிட்டது. அக்கேள்விக்கு மேற்குலகம் ஏறத்தாழ 2000 ஆண்டுகளாக அளித்துவந்த விடைகளை வரிசையாகப் பார்த்தால் ஓர் உண்மை தெளிவாகிறது: எண்ணெய் இயற்கையிலிருந்து வந்ததா, ஆலையிலிருந்து வந்ததா என்பது அத்தோலின் நலத்தை ஒருபோதும் தீர்மானித்ததில்லை, எண்ணெயில் அடங்கியிருந்த பொருள்கள் எவை, அதனோடு வேறு என்னென்ன கலக்கப்பட்டன என்பவையே தீர்மானித்தன.

இவ்வரலாற்றின் தொடக்கத்தில் நிற்பவர் கிரேக்க மருத்துவர் கேலன். சின்ன ஆசியாவின் பெர்கமோன் நகரில் கி.பி. 129-இல் பிறந்து, அங்கே அரங்குகளில் வாட்போர் புரிந்த வீரர்களின் காயங்களுக்கு மருத்துவம் பார்த்து, பின்னர் ரோமுக்குச் சென்று பேரரசர் மார்க்கஸ் ஆரேலியஸின் மருத்துவராக உயர்ந்த அவருடைய பெயரால் ஒரு குளிர்மெழுகு வழங்கிவருகிறது. ரோஜா மொட்டுகள் ஊறிய ஆலிவ் எண்ணெயில் வெண்ணிறத் தேன்மெழுகை உருக்கி, அது ஆறிவரும்போது தண்ணீரைச் சிறிது சிறிதாக ஊற்றி, ஏற்றுக்கொள்ளும் மட்டும் அடித்துக் குழைப்பதே அதன் செய்முறை. எண்ணெயும் நீரும் இயல்பாக ஒன்று கலப்பவை அல்ல. மெழுகு நீர்த்துளிகளைச் சற்று நேரம் பிடித்துவைக்கிறது, அவ்வளவே. தோலில் தடவியதும் அப்பிடி தளர்ந்து, நீர் ஆவியாகி, ஆவியாகும்போது தோலின் வெப்பத்தையும் எடுத்துச் செல்ல, எண்ணெயும் மெழுகும் மெல்லிய படலமாகத் தங்கிவிடுகின்றன. கேலன் இதனை முகச்சிவப்புக்கு மட்டும் உரியதாக வகுக்கவில்லை. உடலில் வெப்பம் மிகுந்த எந்த இடத்துக்கும் உரிய குளிர்ச்சியாகவே அக்கால மருத்துவம் அதனைக் கருதியது. எனினும் காந்தும் தோலைக் குளிரவைத்து, நீர் வெளியேறாமல் மூடிக் காப்பது என்ற அதன் செயல்முறை, இன்றைய தோல் மருத்துவர் ரோசேசியா நோயாளிக்குப் பரிந்துரைக்கும் மணமற்ற களிம்பின் செயல்முறையோடு பெரிதும் ஒத்துப்போகிறது. கோல்டு கிரீம் என்று நம் கடைகளில் விற்கப்படுவது இக்குளிர்மெழுகின் வழித்தோன்றலேயாகும்.

கேலனுக்குப் பின் வந்த நூற்றாண்டுகளில் இந்த எளிமை நிலைக்கவில்லை. பிரான்சின் அவிஞோன் நகரில் போப்பாண்டவர்களின் மருத்துவராக இருந்த கீ தெ ஷோலியாக், 1363-இல் முடித்த அறுவை மருத்துவப் பெருநூலில், மூக்கிலும் கன்னங்களிலும் தோன்றும் செம்புள்ளிகளைத் தனி நோயாகக் குறித்தார். அதே நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலக் கவிஞர் ஜெஃப்ரி சாஸர் இயற்றிய 'கான்டர்பரி கதைகள்' நூலில், திருச்சபை நீதிமன்றத்துக்கு ஆட்களை அழைத்துவரும் ஏவலர் ஒருவர் வருகிறார். நெருப்பாகச் சிவந்து பருக்கள் நிறைந்த அவருடைய முகத்தைக் கண்டு குழந்தைகள் அஞ்சுகின்றனர். பூண்டும் வெங்காயமும் கடுஞ்சிவப்பு மதுவும் அவருக்கு உயிர். அவருடைய நோய் ரோசேசியாதான் என்று மருத்துவர் பலரும், தொழுநோயின் ஒரு வகை என்று இலக்கிய ஆய்வாளர் சிலரும் கருதுவர். நோய் எதுவாயினும், அவருடைய முகத்துக்குப் பயன்படாமற்போன மருந்துகளாகச் சாஸர் அடுக்கும் பட்டியல் அக்கால வழக்கத்துக்குச் சிறந்த சான்று: பாதரசம், மிருதாரசிங்கி எனப்படும் ஈயத்துரு, கந்தகம், வெங்காரம், ஈயவெள்ளை, டார்ட்டர் எண்ணெய்.

இவற்றுள் இறுதியாகச் சொல்லப்பட்டது உண்மையில் எண்ணெயே அன்று. மதுப்பீப்பாய்களின் உட்புறத்தில் படியும் கசண்டைச் சுட்டுச் சாம்பலாக்கி, ஈரக்காற்றில் வைத்து, அது தானே நீரை ஈர்த்துக் கரைந்து கொழகொழப்பாவதால் எண்ணெய் என்ற பெயர் பெற்ற பொட்டாசியம் கார்பனேட்டுக் கரைசல் அது. நலமான தோலின் மேற்பரப்பு சற்றே அமிலத்தன்மை உடையது. அந்த அமிலத்தன்மையே தோலின் கொழுப்புப் படலத்தைக் கட்டிக் காக்கிறது. அங்கே இத்தகைய வலிய காரத்தைத் தடவினால் படலம் கரைந்து எரிச்சல் பெருகும். பாதரசமும் ஈயமும் செய்யும் கேட்டைச் சொல்ல வேண்டியதில்லை. பட்டியலில் கந்தகம் ஒன்றே காலத்தை வென்று நின்றது. இன்றும் ரோசேசியாவுக்கான சில பூச்சு மருந்துகளில் அது இடம்பெறுகிறது.

மருந்து தோற்ற இடத்தில் பழி முளைத்தது. பிளாரன்ஸ் ஓவியர் டொமெனிக்கோ கிர்லாண்டாயோ 1490 வாக்கில் தீட்டிய, இன்று பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ள முதியவர்–பேரன் ஓவியத்தில், மூக்கு புடைத்த முதியவரைப் பேரன் அன்போடு அண்ணாந்து பார்க்கிறான். நோயை இழிவாகக் காட்டாத அரிய படைப்பு அது. ஷேக்ஸ்பியரின் நாடகங்களிலோ பார்டால்ஃப் என்னும் செம்மூக்குப் பாத்திரம் குடியின் அடையாளமாகவே வந்து நகைப்புக்கு இலக்காகிறது. மது முகச்சிவப்பைத் தூண்டுவது உண்மை. ஆனால் அது தூண்டுதல்களில் ஒன்று மட்டுமே. வெயில், சூடான பானம், காரம், மனக்கொதிப்பு, மணப்பொருள் கலந்த ஒப்பனைப் பொருள் ஆகியவையும் அதையே செய்கின்றன. மதுவைத் தொட்டறியாத எண்ணற்றோரும் குடிகாரர் என்ற ஐயப்பார்வையைச் சுமந்தனர். 1913-இல் மறைந்த அமெரிக்க வங்கியாளர் ஜே. பி. மார்கன், செல்வத்தின் உச்சியில் இருந்தபோதும், புடைத்த மூக்கின் காரணமாகப் புகைப்படத்துக்கு நிற்பதை வெறுத்தார். வெளிவந்த படங்களும் திருத்தப்பட்டே வந்தன. இந்தக் கூச்சமும் பழியும்தாம் மறைமுக மருந்து வணிகத்துக்கு வழி திறந்துவிட்டன.

அவ்வணிகத்தின் முழு உருவத்தை 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் காணலாம். ஜான் கௌலண்ட் என்ற மருந்தாளர் உருவாக்கி, அவருக்குப் பின்னும் பல பத்தாண்டுகள் விற்கப்பட்ட கௌலண்ட் லோஷன், முகப்பருக்களையும் சிவப்பையும் தழும்பையும் நீக்கும் என்ற விளம்பரத்தோடு நாடெங்கும் பரவியது. ஜேன் ஆஸ்டினின் 'பெர்சுவேஷன்' நாவலில் அழகுப் பெருமிதம் மிக்க சர் வால்டர் அதனைப் பரிந்துரைக்கும் அளவுக்கு அது வீடுதோறும் அறிந்த பெயராயிற்று. பார்ப்பதற்கு அது கசப்புப் பாதாமை அரைத்தெடுத்த பால். அப்பாலில் கரைந்திருந்ததோ, சித்த மருத்துவ நூல்கள் வீரம் என்று குறிக்கும் மெர்க்குரிக் குளோரைடு என்னும் கடும்பாதரச உப்பு. அது மேல்தோலை அரித்து உரிக்கும். உரிந்த இடத்தில் புதுத்தோல் தெரிவதைக் கண்டவர்கள் நோய் நீங்கியதாக நம்பினர். உள்ளே சென்ற பாதரசம் சிறுநீரகத்தையும் நரம்பையும் தாக்கியதை முகத்தோடு தொடர்புபடுத்திப் பார்த்தவர் சிலரே. பாதாம் என்ற இயற்கைப் பெயரின் மென்மைக்குள் நஞ்சை வைத்து விற்ற இவ்வழக்கத்தை வெறும் பழங்கதையாகத் தள்ளிவிட முடியாது.

அறிவியல் நோக்கு 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது. லண்டனில் ஏழை நோயாளிகளுக்கான பொது மருந்தகத்தில் பணியாற்றிய ராபர்ட் வில்லன், தோல் நோய்களை அவற்றின் கண்ணுக்குத் தெரியும் அடிப்படைத் தோற்றங்களைக் கொண்டு வகைப்படுத்தினார். அவர் 1812-இல் மறைந்தபின் அப்பணியைத் தொடர்ந்த மாணவர் தாமஸ் பேட்மன், 1813-இல் வெளியிட்ட கையேட்டில் முகப்பருவின் நான்கு வகைகளுள் ஒன்றாக ரோசேசியாவை வைத்தார். இளமைப் பருவத்து முகப்பருவோடு இதனைச் சேர்த்தது பிற்காலத்தில் திருத்தப்பட்டது. முகப்பருவுக்கு அடிப்படையான அடைபட்ட கரும்புள்ளிகள் ரோசேசியாவில் காணப்படுவதில்லை. 1842-இல் பெர்லின் மருத்துவர் குஸ்தாவ் சைமன், மனித முகத்தின் மயிர்க்குழிகளில் வாழும் நுண்ணுயிர் ஒன்றை விரிவாக விளக்கினார். உண்ணி இனத்தைச் சேர்ந்த, சுமார் 0.3 மில்லிமீட்டர் நீளமுள்ள அதற்கு அடுத்த ஆண்டே ரிச்சர்ட் ஓவன் டெமோடெக்ஸ் என்று பெயரிட்டார். வளர்ந்தவர்களில் பெரும்பாலோர் முகத்தில் அது தீங்கின்றி வாழ்கிறது. ரோசேசியா உள்ளவர்களிடம் அதன் எண்ணிக்கை பன்மடங்காகக் காணப்படுகிறது. அதனைக் கட்டுப்படுத்தும் ஐவர்மெக்டின் களிம்பு அமெரிக்காவில் ரோசேசியாவுக்கு ஒப்புதல் பெற்றது 2014-இல்தான். கண்டறிதலுக்கும் மருந்துக்கும் இடையே 170 ஆண்டுகளுக்கு மேல் கடந்திருப்பது, இந்நோயை ஒப்பனைக் குறையாக ஒதுக்கிவைத்த மனப்பான்மைக்கு அளவுகோல் எனலாம்.

இதற்கிடையே கேலனின் குளிர்மெழுகு உருமாறிக்கொண்டே வந்தது. ஐரோப்பிய மருந்தகங்கள் ஆலிவ் எண்ணெய்க்குப் பதிலாக நிறமும் மணமும் குறைந்த பாதாம் எண்ணெயைச் சேர்த்தன. தேன்மெழுகோடு திமிங்கிலத்தின் தலையிலிருந்து எடுக்கப்பட்ட ஸ்பெர்மசெட்டி என்னும் வெண்மெழுகு சேர்ந்தது. ரோஜா ஊறிய எண்ணெயின் இடத்தைப் பன்னீர் பிடித்தது. 19-ஆம் நூற்றாண்டில் வெங்காரம் சேர்க்கப்பட்டபின் களிம்பு வெண்மையாகவும் பிரியாமலும் நின்றது. ஆயினும் பாதாம் எண்ணெய் ஒரு குறையை விட்டுவைத்தது. தாவர எண்ணெய்களில் உள்ள நிறைவுறாக் கொழுப்பமிலங்கள் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து சிக்கடிக்கும். அவ்வாறு கெட்ட எண்ணெய் மெல்லிய தோலை எரிக்கும். அமெரிக்க வேதியியலாளர் ராபர்ட் செஸ்பரோ 1872-இல் காப்புரிமை பெற்ற வாஸ்லைனும், அதனோடு பிறந்த திரவ பாரஃபினும் இக்குறையைத் தீர்த்தன. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோல்டு கிரீம்களில் பாதாம் எண்ணெயின் இடத்தைப் பெட்ரோலிய எண்ணெய் பெரும்பாலும் எடுத்துக்கொண்டது. சுத்திகரிக்கப்பட்ட பெட்ரோலியக் களிம்பு மணமற்றது, சிக்கடிக்காதது, ஒவ்வாமையை மிக அரிதாகவே உண்டாக்குவது. இயற்கை என்ற சொல்லை மதிப்போருக்கு இது உவப்பான செய்தியன்று; ஆனால் உணர்திறன் மிக்க தோலின் வரலாற்றில் அதற்குரிய இடத்தை மறுப்பது நேர்மையாகாது.

திமிங்கில மெழுகின் கதை இன்னொரு திசையில் திரும்பியது. ஸ்பெர்ம் திமிங்கிலம் எண்ணெய்க்காகவும் மெழுகுக்காகவும் இருநூற்றாண்டுகளுக்கு மேல் வேட்டையாடப்பட்டு அருகியது. 1970-இல் அமெரிக்கா அதனை அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பட்டியலில் சேர்த்து, அதன் பொருள்களின் இறக்குமதியைத் தடுத்தபோது, அவ்வெண்ணெயை நம்பியிருந்த தொழில்கள் மாற்றுத் தேடின. அம்மாற்று அமெரிக்காவின் அரிசோனா, கலிஃபோர்னியா மாநிலங்களிலும் மெக்சிகோவிலும் பரந்துகிடக்கும் சோனோரா பாலைநிலத்தில் ஏற்கெனவே வளர்ந்துகொண்டிருந்தது. ஹோஹோபா என்னும் அப்புதர்ச்செடியின் விதைகளை வறுத்து அரைத்து, புண்ணுக்கும் தோலுக்கும் தலைமயிருக்கும் பூசுவது ஓஓதம் முதலிய தொல்குடியினரின் வழக்கம். பாஹா கலிஃபோர்னியாவின் வரலாற்றை எழுதிய இயேசு சபைத் துறவி ஃபிரான்சிஸ்கோ கிளவிஹேரோவின் நூல் 1789-இல் வெளிவந்தபோதே அச்செடியின் பயன்கள் ஐரோப்பியர் பார்வைக்கு வந்துவிட்டன. 1933-இல் அரிசோனா பல்கலைக்கழக வேதியியலாளர்கள் அவ்விதையின் எண்ணெயைப் பகுத்தாய்ந்து, அது மற்ற விதை எண்ணெய்களைப் போன்ற கொழுப்பு அன்று, திரவ நிலையில் உள்ள மெழுகு என்று கண்டனர். அதன் அமைப்பு ஸ்பெர்ம் திமிங்கில எண்ணெயை ஒத்திருந்தது. திமிங்கிலத் தடை வந்ததும் ஏறத்தாழ நாற்பதாண்டுகள் உறங்கிக்கிடந்த அந்தக் கண்டுபிடிப்பு விழித்தெழுந்தது. தொல்குடியினர் காட்டில் திரட்டிய விதைகளிலிருந்து தொடங்கிய தொழில், தோட்டப் பயிராகி, இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்துக்கும் நம் ராஜஸ்தானின் வறண்ட நிலங்களுக்கும் பரவியது. நம் கடைகளில் ஜோஜோபா என்று ஒலிக்கப்படுவது இதுவே.

ரோசேசியா உள்ளவர்கள் முகத்தில் பூசத் துணியும் தாவர எண்ணெய்களில் ஹோஹோபாவுக்கு முதன்மை இடம் கிடைத்ததற்கு இந்த மெழுகமைப்பே காரணம். மனிதத் தோலின் சுரப்பிகள் சுரக்கும் சீபம் என்னும் எண்ணெயில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இவ்வகை மெழுகுகளே. மெழுகு எளிதில் சிக்கடிப்பதில்லை; ஆகவே பழைய பாதாம் எண்ணெயின் குறை இதற்கு இல்லை. தோலில் இயல்பாக வாழும் மலசீசியா என்ற ஈஸ்ட் பூஞ்சை, பெரும்பாலான சமையல் எண்ணெய்களிலுள்ள கொழுப்பமிலங்களை உண்டு பெருகக்கூடியது. அது பெருகினால் புருவத்திலும் மூக்கோரத்திலும் செதில் உதிரும் மற்றோர் அழற்சி தோன்றும். ரோசேசியாவோடு அது சேர்ந்து வருவதும் உண்டு. முகத்துக்குத் தேங்காயெண்ணெயோ ஆலிவ் எண்ணெயோ பூசி நிலைமை மோசமானதாக நோயாளிகள் சொல்லும்போது, மருத்துவர் இதனையும் எண்ணிப் பார்ப்பது அதனால்தான்.

ஆலிவ் எண்ணெயைப் பற்றி இன்னும் கூறவேண்டும், ஏனெனில் கேலனின் குளிர்மெழுகுக்கு அதுவே அடித்தளம். தோலின் மேலடுக்கைச் செங்கற்சுவர் என்று தோல் அறிவியலார் விளக்குவர்: இறந்து தட்டையான உயிரணுக்கள் செங்கற்கள், அவற்றை இணைக்கும் செராமைடு முதலிய கொழுப்புகள் சாந்து. ரோசேசியா கண்ட முகத்தில் இந்தச் சாந்து நலிந்திருப்பதால் உள்ளிருக்கும் நீர் மிகுதியாக ஆவியாகிறது, வெளியிலுள்ளவை எளிதில் உட்புகுகின்றன. ஆலிவ் எண்ணெயில் பாதிக்கு மேற்பட்ட பங்கு ஒலீயிக் அமிலம். அது அக்கொழுப்புச் சாந்தைக் குலைக்கும் இயல்புடையது. 2013-இல் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், வளர்ந்தவர்களின் முன்கையில் சில வாரங்கள் நாள்தோறும் ஆலிவ் எண்ணெயைத் தடவிப் பார்த்து, தோலின் கட்டுறுதி குறைந்ததையும் இலேசான சிவப்பு தோன்றியதையும், அதே முறையில் தடவிய சூரியகாந்தி எண்ணெய் அக்கட்டுறுதியைக் குலைக்காததையும் பதிவுசெய்தனர். சூரியகாந்தி எண்ணெயில் மிகுந்துள்ள லினோலீயிக் அமிலம் தோல் தன் செராமைடுகளைக் கட்டுவதற்குப் பயன்படுத்தும் மூலப்பொருள். இரண்டும் விதை, கனிகளிலிருந்து பிழியப்பட்டவையே, இரண்டும் இயற்கையானவையே, ஆனால் ஒரே தோலில் ஒன்று கட்டுகிறது, மற்றொன்று குலைக்கிறது.

இருபதாம் நூற்றாண்டில் முக எண்ணெய்க்கு நேர்ந்த மிகப் பெரிய மாற்றம் மணத்தின் வழியாக வந்தது. ரோசேசியாவின் நோக்கில் அது பெரும் பின்னடைவும் ஆகும். பூ, இலை, பழத்தோல் ஆகியவற்றிலிருந்து நீராவியால் வடித்தோ பிழிந்தோ எடுக்கப்படும் ஆவியாகும் மணச்சாறுகளுக்கு மருத்துவ ஆற்றல் உண்டு என்ற கொள்கைக்கு, பிரெஞ்சு வேதியியலாளர் ரெனே-மோரிஸ் கட்டஃபோசே 1937-இல் வெளியிட்ட நூலால் அரோமாதெரபி என்ற பெயர் நிலைபெற்றது. அவருக்குப் பின் மார்கரித் மோரி என்ற செவிலியர், அம்மணச்சாறுகளைத் தாவர எண்ணெயில் கலந்து முகத்தையும் முதுகையும் நீவிவிடும் முறையை வகுத்து, பாரிஸிலும் லண்டனிலும் நிலையங்களை நடத்தி, 1961-இல் நூலாகவும் எழுதினார். அழகு நிலையங்கள் அம்முறையை ஆர்வத்தோடு ஏற்றுக்கொள்ள, முக எண்ணெய் என்றாலே மணக்கும் எண்ணெய் என்ற எண்ணம் ஊன்றிவிட்டது. லாவெண்டரிலும் ரோஜாவிலும் எலுமிச்சைத் தோலிலும் உள்ள லினலூல், ஜெரானியால், லிமோனீன் போன்ற மணக்கூறுகள் செடிகளில் இயல்பாகவே இருப்பவை. அவற்றுள் லினலூலும் லிமோனீனும் காற்றுப்பட்டு ஆக்சிஜனேற்றம் அடையும்போது, ஒவ்வாமையைத் தூண்டும் வலிமை பெறுகின்றன. இத்தகைய 26 மணப்பொருள்களைக் குறிப்பிட்ட அளவுக்கு மேல் சேர்த்தால் உறையில் பெயர் குறிக்க வேண்டும் என்ற ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி 2005-இல் நடைமுறைக்கு வந்தது. 2023-இல் அப்பட்டியல் 80-ஐத் தாண்டி விரிவாக்கப்பட்டது.

தேயிலை மர எண்ணெய் இவ்வகையில் தனியே எண்ணத்தக்கது. தேநீர்ச் செடியோடு தொடர்பில்லாத அந்த ஆஸ்திரேலிய மரத்தின் இலைகளைத் தொல்குடியினர் மருந்தாகக் கொண்டனர். 1920-களில் சிட்னியின் வேதியியலாளர் ஆர்தர் பென்ஃபோல்டு அதன் எண்ணெய்க்குக் கிருமிகளைக் கொல்லும் ஆற்றல் இருப்பதை வெளியிட்டார். அதிலுள்ள டெர்பினென்-4-ஆல் என்னும் பொருள் டெமோடெக்ஸ் உண்ணியையும் கொல்கிறது என்பதால் கண்ணிமை அழற்சிக்கு நீர்த்த வடிவில் அது பயன்படுகிறது. இச்செய்தியை அரைகுறையாகக் கேட்டவர்கள் நீர்க்காத எண்ணெயைச் சிவந்த கன்னத்தில் பூசிப் புண்ணாக்கிக்கொள்வது இன்றும் நிகழ்கிறது.

எந்த எண்ணெய் எவருக்கு ஒவ்வும் என்பதை முன்னரே அறியும் வழியும் பாதரசத்தின் வழியாகவே கிடைத்தது. ப்ரெஸ்லாவ் நகரின் தோல் மருத்துவர் யோசப் யாடசோன், பாதரச மருந்து பட்டுத் தோல் வெந்த நோயாளிகளிடம், அதே பொருளைத் தோலின் சிறு பரப்பில் ஒட்டுத்துணியால் மூடிவைத்து, அவ்விடம் மீண்டும் கொப்புளிப்பதைக் கண்டு, 1895-இல் அம்முறையை மருத்துவர் மாநாட்டில் எடுத்துரைத்தார். ஒவ்வாமையை அறிய இன்றும் கையாளப்படும் ஒட்டுச் சோதனையின் தொடக்கம் அது. 1986-இல் பின்லாந்து மருத்துவர் மத்தி ஹன்னுக்செலாவும் அவருடைய உடனாய்வாளரும், வீட்டுப் பயன்பாட்டுக்கு நெருக்கமான எளிய வடிவம் ஒன்றை வகுத்தனர்: ஐயத்துக்குரிய பொருளை முழங்கை மடிப்புக்கு அருகில் நாளுக்கு இருமுறை வீதம் ஏழு நாள் தொடர்ந்து தடவி, அரிப்போ சிவப்போ தோன்றுகிறதா என்று பார்ப்பது. காதின் பின்புறம் ஒருமுறை தொட்டுப்பார்த்துவிட்டு முகம் முழுவதும் பூசும் வழக்கத்தைவிட இது பன்மடங்கு நம்பத்தக்கது, ஏனெனில் ஒவ்வாமை உடனே எழுவதில்லை. நாள்கள் கழித்தே வெளிப்படும். ஆயினும் முன்கை தாங்கியதைக் கன்னம் தாங்கும் என்ற உறுதியில்லை. 1977-இல் பீட்டர் ஃப்ராஷும் ஆல்பர்ட் கிளிக்மனும் லாக்டிக் அமிலத்தை மூக்கோர மடிப்பில் தடவி, சிவப்போ வீக்கமோ இன்றிச் சுருக்கென்ற எரிச்சலை மட்டும் உணரும் தோல் வகையை விளக்கினர். ரோசேசியா உள்ளவர்கள் பலர் அவ்வகையினர். அவர்களுடைய தோல் நரம்புகளில் வெப்பத்தையும் மிளகாய்க் காரத்தையும் உணரும் ஏற்பிகள் கூடுதலாகத் தூண்டப்படுகின்றன. 2007-இல் கலிஃபோர்னியாவில் ரிச்சர்ட் காலோவின் ஆய்வுக்குழு, கிருமிகளை எதிர்க்கத் தோல் சுரக்கும் கதெலிசிடின் என்னும் புரதம் இந்நோயில் மிகுந்தும் வடிவம் பிறழ்ந்தும் இருந்து அழற்சியை வளர்ப்பதைக் காட்டியபின், நோயின் வேர் தோலின் உட்செயலில் இருப்பது தெளிவாயிற்று. மேலே தடவும் எண்ணெய் அவ்வேரை எட்டுவதில்லை. வறட்சியைத் தணித்துத் தடுப்பரணைத் தாங்கிப்பிடிப்பதே அதனால் ஆகும் பணி.

இந்நோய் வெண்தோல் உடையவர்க்கே உரியது என்ற எண்ணம் நெடுங்காலம் நிலவியதால், நம் நாட்டில் அது பலமுறை அடையாளம் காணப்படாமலே போனது. பழுப்பு நிறத் தோலில் சிவப்பு மங்கலாகவே தெரியும். எரிச்சலும் வறட்சியும் பருக்களும் மட்டுமே நோயாளிக்குப் புலப்படும். முகப்பரு என்றும் தேமல் என்றும் கருதி, நிறம் வெளுக்கும் என்ற ஆசையும் சேர்ந்து, மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு களிம்பைப் பூசுவோர் மிகுதி. தொடக்கத்தில் சிவப்பை அடக்கும் அக்களிம்பு, தொடர்ந்து பூசும்போது தோலை மெலிவித்து, நிறுத்தியவுடன் முன்னிலும் கடுமையான சிவப்பையும் கொப்புளங்களையும் எழுப்புகிறது. இந்தியத் தோல் மருத்துவர்கள் இதனைத் தனி நோய்நிலையாகவே பெயரிட்டு எச்சரித்துவருகின்றனர். கௌலண்டின் பாதரசப் பாதாம்பாலுக்கும் இதற்கும் பொருளில்தான் வேறுபாடு. விற்கும் முறையிலும் விளையும் கேட்டிலும் இரண்டும் ஓரினமே.

ஸ்டீராய்டுக்கு அஞ்சி இயற்கைக்குத் திரும்புவோர் கையில் இப்போது அகப்படுவது குங்குமாதி தைலம். வாக்படரின் 'அஷ்டாங்க ஹிருதயம்' கூறும் அம்மரபு எண்ணெய், குங்குமப்பூ, சந்தனம், மஞ்சிட்டி முதலிய பல சரக்குகளை நல்லெண்ணெயிலும் ஆட்டுப்பாலிலும் காய்ச்சி இறக்குவது. முகப்பொலிவுக்கு அதற்குள்ள மரபுப் பெருமையைக் குறைத்துப் பேச வேண்டியதில்லை. எனினும் ரோசேசியா உள்ள முகத்துக்கு அதன் சரக்குப் பெருக்கமே இடையூறு: எரிச்சல் எழுந்தால் பல சரக்குகளில் எது காரணம் என்று பிரித்தறிய வழியில்லை, சந்தையில் விற்கப்படும் பல வடிவங்களில் மணத்துக்காக வேறு சாறுகளும் சேர்க்கப்படுகின்றன.

ஆகவே ரோசேசியா உள்ளவர் முக எண்ணெய் ஒன்றைச் சோதித்துப் பார்க்க விரும்பினால், ஒரே ஒரு பொருள் மட்டும் அடங்கிய, மணமூட்டப்படாத, புதிதாக வாங்கிய எண்ணெயையே தேர்ந்துகொள்ள வேண்டும். ஏழு நாள் முன்கையிலும், பின்னர்ச் சில நாள் தாடையோரத்தில் காசளவு இடத்திலும் தடவிப் பார்த்து, அதன் பிறகே ஈரம் உலராத முகத்தில் ஓரிரு துளிகள் பூச வேண்டும். எரிச்சல் தோன்றிய அன்றே நிறுத்திவிட வேண்டும். மெட்ரோனிடசோல், அசிலாயிக் அமிலம், ஐவர்மெக்டின் முதலிய மருந்துகளுக்கும் வெயில் காப்புக்கும் எந்த எண்ணெயும் மாற்றாகாது. கண் எரிந்து சிவந்து, மணல் விழுந்தாற்போல் உறுத்தினால், எண்ணெய்ச் சோதனை அனைத்தையும் விட்டுவிட்டுக் கண் மருத்துவரிடம் செல்ல வேண்டும். கவனியாது விட்ட கண் ரோசேசியா கருவிழியைப் புண்ணாக்கிப் பார்வையைக் குறைக்கக்கூடியது.